பூ கேட்கச் சொன்ன மகளுக்கு

பாப்பா,

வெள்ளிக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது போன் தானாகக் கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன். அதன் பிறகு நீ மூன்று முறை கூப்பிட்டாய். மூன்று முறையும் அது சட்டைப்பையில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சாயங்காலம் அம்மாவின் போனில் கூப்பிட்டுக் கேட்டாய். "டவர் இல்லம்மா" என்று எட்ட நின்றே சொல்லிவிட்டேன். மலையில் இருக்கிறவனுக்கு அது ஒரு சௌகரியம். எந்தப் பொய்க்கும் டவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

நீ இரண்டு விஷயம் கேட்டாய். "புதன்கிழமை தேதி குடுத்துட்டாங்கப்பா. அவருக்கு ஓசூர்ல லீவு கிடைக்கல. நீதான் ஆஸ்பத்திரில கூட இருக்கணும்" என்றாய். அதற்குச் சரி என்றேன். அடுத்து, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "இன்னொண்ணுப்பா. அம்மாவுக்குக் கேட்ட மாதிரி எனக்கும் கோயில்ல பூ கேட்டுடு. அப்ப நாந்தானே எடுத்தேன், வெள்ளை வந்துச்சு, அம்மா பொழச்சிக்கினாங்க. வெள்ளை வந்துச்சின்னா நான் பயமில்லாம போய்ப் படுத்துக்குவேன்" என்றாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். வேறு நாளாக இருந்திருந்தால், டீச்சரம்மாவுக்கு எதற்குப் பூ என்று கேலி செய்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். காலை ஆறு மணிக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை யாருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதோ காட்டு. நம் மலையில் இந்த மாதிரிக் கதை உள்ள வீடு நம் வீடு ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை.

உன்னைப் பற்றிய பயம் எனக்குப் பொங்கலிலேயே ஆரம்பித்துவிட்டது. நீ ஊருக்கு வந்திருந்தாய். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உன் மகளுக்குத் தலை பின்னிவிட்டு எழுந்தாய். நாற்காலியில் ரத்தம் இருந்தது. துண்டை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சிரித்துக்கொண்டு உள்ளே போனாய். நான் பார்த்தேன். பார்க்காதவன் மாதிரி மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெற்ற மகளிடம் "இன்னாம்மா ஆச்சு" என்று ஒரு வார்த்தை கேட்க வாய் கூசிய அப்பன் நான். ஒரு மாதத்தில் நீ வகுப்பறையில் மயங்கி விழுந்தாய், ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், கருப்பையில் கட்டிகள் என்றார்கள். அந்தச் செய்தி வந்தபோதுகூட நான் உன்னிடம் சொன்ன முதல் வார்த்தை "எடுத்துடும்மா" என்பதுதான். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். உனக்கு எப்படி இருக்கிறது, வலிக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

போன மாதம் உன்னோடு வேலூருக்கு வந்தேனே, அந்த டாக்டரம்மாவைப் பார்க்க. நீ என்னவோ மார்க் வாங்கப் போகிறவள் மாதிரி நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்தாய். அவர் ஒரு காகிதத்தில் கருப்பையை வரைந்தார். உள்ளே மூன்று கட்டிகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரத்தக் குழாய். "பெரிய ஆபரேஷன் கிடையாதுங்க. முழு மயக்கமும் வேண்டாம். கை மணிக்கட்டுலயோ தொடை இடுக்குலயோ சின்னதா ஒரு ஊசி. அதுவழியா மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு, எக்ஸ்ரேல பார்த்துக்கிட்டே கட்டிக்கு ரத்தம் போற குழாய் வரைக்கும் போவோம். மணல் மாதிரி நுண்ணிய துகளை விட்டு அந்த வழியை அடைச்சிடுவோம். ரத்தம் போகலைன்னா கட்டி கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிடும். கருப்பை அதன் இடத்துலயே இருக்கும்" என்றார். எம்போலைசேஷன் என்று பெயரும் சொன்னார். அந்தப் பெயரை வேலூரிலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், மலை ஏறும்போது மூன்றாவது வளைவில் மறந்துவிட்டது, அப்புறம் உன்னிடம் கேட்டுத்தான் எழுதிவைத்துக்கொண்டேன்.

எனக்குப் புரிந்தது புளியமரத்துப் புல்லுருவிதான். மரத்தின் சாற்றைத் தின்றுகொண்டு மேலே கொழுகொழுவென்று இருக்கும், அதை வாட வைத்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. "ரத்தத்தை அடைச்சா கர்ப்பப்பையே செத்துப்போவாதாங்க டாக்டரம்மா?" என்று கேட்டேன். நீ என் முழங்கையைக் கிள்ளினாய். அவர் சிரிக்கவில்லை. கருப்பைக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்தும் ரத்தம் வரும், அது தாங்கிக்கொள்ளும், கட்டியால் தாங்க முடியாது என்றார். எதையும் அவர் மூடி மறைக்கவுமில்லை. முதல் நாள் வலி கடுமையாக இருக்கும், அதற்கு மருந்து உண்டு, காய்ச்சல் வரலாம், ஓரிரு வாரம் அசதி இருக்கும், உதிரம் குறைய இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்குச் சரியாக வேலை செய்யாமல் பிறகு ஆபரேஷன் தேவைப்படலாம், அபூர்வமாகக் கிருமி தொற்றிக் கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம். இனிமேல் குழந்தை வேண்டும் என்றால் வேறு வழியும் பேசலாம் என்றார். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒரு பொண்ணு போதும் டாக்டர். ஆனா என் கர்ப்பப்பை எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாய்.

அந்த அறையில் என்னை உலுக்கிய வார்த்தைகள் வேறு இரண்டு. நீ, "இது கேன்சரா மாறுமா டாக்டர்?" என்று கேட்டாய். "இந்த வகைக் கட்டி அப்படி மாறுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அதுக்காகப் பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லை" என்றார். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. அடுத்ததாக அவர் என் பக்கம் திரும்பி, "இவங்க அம்மாவுக்கும் கட்டி இருந்துதுன்னு சொல்றாங்க. கருப்பை மட்டும் எடுத்தாங்களா, ஓவரியும் எடுத்துட்டாங்களா, தெரியுமாங்க?" என்றார். "தெரியாதுங்க" என்றேன். தெரியும் பாப்பா. எட்டு வருஷமாகத் தெரியும். உன் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, உன் உடம்புக்காகக் கேட்ட கேள்விக்கே பொய் சொன்னேன்.

இனிமேல் எழுதப்போவது உன் அம்மாவின் கதை. எங்கிருந்து தொடங்கினாலும் அது என் ஜீப்பில்தான் வந்து நிற்கும். உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, நம் மேல்தெரு சின்னப்பொண்ணு அக்காவுக்குப் பிள்ளை பிறந்து உதிரம் நிற்கவில்லை. அப்போது ஊரில் இருந்த ஒரே வண்டி என்னுடையது. பட்டப்பகல். போளூருக்குப் போகும் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவாக இறக்கினேன். அந்த அக்கா பின் சீட்டில் படுத்துக்கொண்டு, "தம்பி, மெதுவா போ, மெதுவா போ" என்றாள். மெதுவாகப் போனால் செத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும், வேகமாகப் போனால் குலுக்கலில் இன்னும் போகும் என்றும் தெரியும். ஏழாவது வளைவில் பேச்சு நின்றது. ஓடைக்குக் கொண்டுபோய்ச் சீட்டை மூன்று தடவை கழுவினேன். அதற்கப்புறம் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், எத்தனையோ பிள்ளைகள் நல்லபடியாகப் பிறந்திருக்கின்றன. ஆனால் பெண்பிள்ளை ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டால் எனக்கு அந்த வளைவுதான் வரும். என் பயத்துக்கு இது காரணமே தவிர, நான் செய்ததற்கு நியாயம் இல்லை. இரண்டையும் நீ குழப்பிக்கொள்ளாதே. நான் ரொம்ப நாள் குழப்பிக்கொண்டேன்.

மறு வருஷம் உன் அம்மாவுக்கு அதே மாதிரி ஆரம்பித்தது. தூரம் வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள். கட்டி கட்டியாக உதிரம். முகம் வெளுத்துப் போயிற்று. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. உனக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று தவமாய்க் கிடந்தவள். அடிவாரத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் எழுதமாட்டேன், அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை இருக்கிறது. டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். ஐந்து நிமிஷம் இருக்கும். "கட்டிப்பா. உட்டா கேன்சராயிடும். கர்ப்பப்பையோட எடுத்துட்டா தலைவலி தீந்துச்சு. ஒரு புள்ள இருக்குதில்ல, அப்புறம் இன்னா?" என்றார். எனக்குச் சின்னப்பொண்ணு அக்காவின் குரல் கேட்டது. சரி என்றேன். வெளியே வந்து உன் அம்மாவிடம், "கட்டிய மட்டும் எடுத்துடுவாங்களாம். சின்ன ஆபரேஷன்தான்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "புள்ள பொறக்கும் இல்ல?" என்று கேட்டாள். "அதெல்லாம் பொறக்கும்" என்றேன்.

அவள் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மன கேப்போம். அவ இன்னா சொல்றாளோ அது" என்றாள். நம் ஊரில் கிணறு வெட்டுவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் காளியம்மனிடம் பூ கேட்காமல் யார் செய்கிறார்கள்? ஒரு தேக்கிலையில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. மடித்து நூல் கட்டி, குலுக்கிச் சன்னதியில் போட்டு, கபடம் தெரியாத சின்னப் பெண்ணை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. பொட்டலம் மடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு இலையிலும் வெள்ளைப் பூவையே வைத்து மடித்தேன்.

அதில் ஒன்றைத்தான் நீ எடுத்தாய். பத்து வயது. பச்சைப் பாவாடை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை விட்டாய். நான் பிரித்துக் காட்டினேன். வெள்ளையைப் பார்த்ததும் நீ துள்ளிக் குதித்து, "அம்மா, நான் எடுத்தேன், நான் எடுத்தேன்" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். மற்றப் பொட்டலத்தை நான் மடியில் கட்டிக்கொண்டேன், யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் ஊரில் அதைப் பிரித்துப் பார்க்கிற வழக்கமும் இல்லை, அம்மன் சொன்ன பிறகு சோதிப்பது பாவம் என்பார்கள். அன்றிலிருந்து இத்தனை வருஷமாக, அம்மாவின் உயிரைக் காப்பாற்றிய பூவை எடுத்தவள் என்று உன்னை உறவெல்லாம் கொண்டாடியது. நீயும் நம்பினாய். அதை நம்பித்தான் வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டாய். நீ எதையும் தேர்ந்தெடுக்கவில்லை பாப்பா. உன் கையை வைத்து நான் ஏமாற்றினேன். அம்மனை ஏமாற்றினேன், உன் அம்மாவை ஏமாற்றினேன், உன்னை ஏமாற்றினேன்.

ஆபரேஷன் முடிந்தது. நர்ஸ் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். உன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, "நீயே போடுப்பா" என்றார்கள். அவளுக்கு மைப் பெட்டியைக்கூட யாரும் நீட்டவில்லை. உதிரம் நின்றது, முகத்தில் ரத்தம் ஊறியது, நானும் செய்தது சரிதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதம் கழித்து, களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "மூணு மாசமா தூரம் வரலிங்க. தள்ளிப் போயிருக்குதுன்னு நெனைக்கிறேன்" என்றாள். ஒரு வாரம் அவளை அப்படியே நம்பவிட்டேன். உனக்குத் தெரியுமா, அந்த வாரத்தில் அவள் உன்னிடம்கூடத் தம்பி வேண்டுமா தங்கச்சி வேண்டுமா என்று கேட்டாள். பிறகு சொன்னேன், அதையும் பொய்யாகத்தான் சொன்னேன். "டாக்டரு கர்ப்பப்பையும் சேத்து எடுத்துட்டாராம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றேன். அவள் அழவில்லை. "பூ குடுத்துத்தானே அனுப்பிச்சா" என்று ஒரே வார்த்தைதான். அதற்குப் பிறகு அவள் அந்தக் கோயிலில் எதையும் வேண்டிக்கொண்டு நான் பார்க்கவில்லை. திருவிழாவுக்கு வருவாள், ஓரமாக நிற்பாள், பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு உடம்பெல்லாம் தணலாய்க் காந்த ஆரம்பித்தது. மார்கழிப் பனியிலும் போர்வையை உதறுவாள். "இன்னா உடம்பு இது, கெழவி உடம்பு" என்பாள். எட்டு வருஷத்துக்கு முன்பு, ஆட்டுக் கயிறு தட்டி லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்ததே, அன்றைக்குப் பார்த்த எலும்பு டாக்டர் பழைய சீட்டையெல்லாம் கேட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "சின்ன வயசுலயே ரெண்டு ஓவரியும் சேத்து எடுத்திருக்காங்க. அதான் எலும்பு இப்படிப் பொக்கையாயிருக்கு. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். இது உண்மையாகவே எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் தெரிந்த பிறகு சீட்டை மடித்து ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்தேன், அவளிடம் சொல்லவில்லை. உன் டாக்டரம்மா கேட்டது இதைத்தான். நாளை அவர் மறுபடி கேட்டால் சொல்லு. சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

போனை வைத்த மறுநாள், சனிக்கிழமை, நான் கோயிலுக்குப் போனேன். இந்தத் தடவையாவது ஒழுங்காகக் கேட்போம் என்றுதான் போனேன், சத்தியமாக. இரண்டு பூவும் பறித்தேன். கோயிலுக்குப் பின்னால் அதே இடத்தில் உட்கார்ந்தேன். அப்போது அந்தப் பயம் வந்தது. வெள்ளை வந்தால் நீ அந்த மேஜையில் போய்ப் படுப்பாய். குழாய் விடுவார்கள், துகள் விடுவார்கள், ஏதாவது தவறினால்? வலி தாங்காமல் நீ கத்தினால்? பிறகும் நிற்காமல் போனால், எந்த வளைவில் யார் வண்டியில் நீ கிடப்பாய்? எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டால் பயமே இல்லையே என்று தோன்றியது. கையைப் பார்த்தேன். இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்திருந்தேன்.

நம்பு பாப்பா, யோசித்துச் செய்யவில்லை. ஒரு பொட்டலத்துக்கு நூலும் கட்டியாகிவிட்டது. இருபத்தாறு வருஷம் கழித்து, உன் அம்மாவின் உடம்பை, எலும்பை, அந்த ஒரு வாரச் சிரிப்பை எல்லாம் பார்த்த பிறகும், என் கை அதையேதான் செய்தது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. புலியைப் பார்த்தால்கூட அப்படி நடுங்கியிருக்கமாட்டேன். அந்த இலைகளை ஓடையில் போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் ஜீப்பை எடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் உன் அம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து சொன்னேன். முதலில் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை என்பதைச் சொன்னேன். சுத்தியலை நிறுத்தவில்லை. அடுத்து, கருப்பையை எடுக்கப்போகிறார்கள் என்று முன்பே எனக்குத் தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். சுத்தியல் நின்றது. என்னை ஏசுவாள், அடிப்பாள் என்று இருந்தேன். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அப்ப அவ ஒண்ணுமே சொல்லல. நாமதான் கேக்கவே இல்ல" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரியவில்லை. "இருபத்தாறு வருசமா மனசுக்குள்ள அவள ஏசிக்கினு இருந்தேனே. எம்புள்ளைய எடுத்துக்கினவன்னு ஏசிக்கினு இருந்தேனே. சும்மா இருந்தவளப் போயி" என்று எழுந்தாள். மூன்றாவது விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோயில் பக்கம் நடந்துவிட்டாள். முந்தானையில் ஒட்டியிருந்த புளியங்கொட்டைகள் வழியெல்லாம் விழுந்தன.

பொழுது சாயும்முன் வந்தாள். சாமைச் சோறு ஆக்கினாள், எனக்கு மட்டும் போட்டாள். தட்டை வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு நான் போறேன். நீங்க வர வேணாம்" என்றாள். "பூவு?" என்று கேட்டேன். "எதுக்கு? இன்னா வேணும்னு பொண்ணு வாய்விட்டுச் சொல்லிட்டா இல்ல. அப்புறம் யாரக் கேக்கணும்?" என்றாள். ஜீப்பில் போளூர் வரைக்குமாவது கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். பஸ்ஸில் போகிறேன் என்றுவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் என் வண்டி இருக்கப் பஸ்ஸுக்கு நின்றதில்லை.

ஆக உனக்கு நான் அனுப்புவதற்குப் பூ இல்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அந்த டாக்டரம்மாவிடமே சொல்லு, அவர் சிரிக்கிறவர் இல்லை. காகிதத்தில் எத்தனை பக்கம் இருந்தாலும் படி. இது சரிவராமல் போனால் அடுத்து என்ன செய்வீர்கள், என்னைக் கேட்டுத்தானே செய்வீர்கள் என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கு. கையெழுத்தை நீயே போடு. வலி வந்தால் பொறுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்காதே, உன் அம்மா வாங்கின நல்ல பேரெல்லாம் போதும். நானோ வேறு எவனோ "உன் நல்லதுக்குத்தான்" என்று அருகில் வந்தால், அவன் கை நடுங்குகிறதா என்று முதலில் பார். நடுங்கினால் அவன் தன் பயத்துக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறான். நாளை நான் டவர் கிடைக்கிற பாறைமேல் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் அம்மாவின் போனில் ஒரு சொல் சொல்லச் சொல்லு. கோபத்தில் நீ சொல்லாமல் விட்டாலும் உட்கார்ந்திருப்பேன். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் எனக்குப் போகவில்லை, இந்தக் கடிதத்தை எழுதியதால் ஒரு துளிகூடக் குறையவில்லை. அது என்னுடையது. நானே வைத்துக்கொள்கிறேன்.

மணி பத்தரை ஆகிறது. பதினோரு மணி பஸ்ஸுக்கு உன் அம்மா பையைக் கட்டிவிட்டாள். உனக்கு இரண்டு புடவையும், உன் மகளுக்குத் தினைமாவும் வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூன்றாவது விஷயத்தைச் சொல்லாமலே உறையை நீட்டினாலும், உன்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். நீயே அவளுக்குப் படித்துக் காட்டு என்று எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளவும் முடியும். ஆனால் என் வேலைக்கு உன் கையை ஒரு தடவை பிடித்தது போதும்.

அதனால் இப்போது எழுந்து போகிறேன். அவளை நிறுத்தி, அவள் உடம்பிலிருந்து அவர்கள் எடுத்தது இன்னும் ஒன்று உண்டு, எட்டு வருஷமாக அது எனக்குத் தெரியும் என்று சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டுத்தான் உறையை நீட்டுவேன். வாங்குவாளோ, என் முகத்திலேயே வீசிவிட்டுப் பஸ் ஏறுவாளோ, தெரியவில்லை. நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, அதன் பிறகும் இதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கு முதலில் சாப்பிட ஏதாவது கொடு. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அப்பா